அந்துவான் சார் என்மேல் பட்ட கோபம்

அந்த வியாழக்கிழமை காலை நான் மின்துறை அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மறைந்த என் கணவர் பெயரில் இருக்கும் மீட்டரை என் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அது நான்காவது நடை. எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது கலைவாணி கூப்பிட்டாள். எங்கள் ஆசிரியர் வட்டத்தில் இருப்பவர்களில் வயதில் இளையவள். போனில் மூச்சு மட்டும் கேட்டது. "என்னாம்மா, சொல்லு" என்றேன். "அந்துவான் சார் போய்ட்டாரு டீச்சர். காலையில காபி கேட்டிருக்காரு. தெரேஸ் அக்கா போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். தெரேஸ் அக்கா அவர் மனைவி. எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. ஆள் நகர்ந்ததும் நானும் நகர்ந்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, இறந்தவர் பேரு கேட்ட எடத்துல உங்க பேர எழுதியிருக்கீங்க" என்றார். அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். எழுதினேன். அன்றைக்கும் மீட்டர் மாறவில்லை.

அந்துவான் சாரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் யாராவது படித்தால், அவர் முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தியவர், பிள்ளைகள் செய்து பார்த்துத்தான் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக நம்பியவர், லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை கூடும் எங்கள் வட்டத்தைத் தொடங்கியவர் என்பது போதும். நான் கணக்கு டீச்சர். அவரைவிட ஒரு வயது சின்னவள். வட்டத்தில் முதல் நாளிலிருந்து இருப்பவள் என்பதால் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் அவரைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால் அது என்னுடைய இன்னொரு பொய்யாகிவிடும். முதல் பொய்யை ஒன்பது வருடங்களுக்கு முன் வட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பினார். அவர் போவதற்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோதுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "வட்டத்துல சொல்லுங்க" என்றார். அவர் உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை.

வட்டம் ஆரம்பித்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி முகாம். செய்து கற்றல் பற்றி ஒருவர் திரையில் படம் காட்டிக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினார். பாதிப் பேர் தூக்கத்தில். நான் என் கைப்பைக்குள் பட்டாணி வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒல்லியாக ஒருவர் எழுந்தார். "சார், செஞ்சி கத்துக்கணும்னு காலையிலேருந்து உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். நாங்க எப்ப செய்யிறது?" என்று கேட்டார். பேச்சாளர் சிரித்து மழுப்பிவிட்டு எங்களைச் சாப்பிட அனுப்பினார். சாப்பாட்டு வரிசையில், கேள்வி கேட்ட அந்துவான் சார் பக்கத்தில் போய், "நல்லா கேட்டீங்க சார்" என்றேன். "கேக்கிறது சுலபம் டீச்சர். மாசம் ஒரு நாள் நாமளே கூடிச் செய்வோமா?" என்றார். சாம்பார் வாங்கி முடிப்பதற்குள் இடமும் கிழமையும் முடிவாகிவிட்டன.

வட்டத்துக்கு அவர் வைத்த முறை இரண்டுதான். யாராவது ஒரு பாடத்தை எங்களைப் பிள்ளைகளாக உட்கார வைத்து நடத்திக் காட்டுவார். அதை யார் வேண்டுமானாலும் தங்கள் பள்ளிக்கு எடுத்துப் போகலாம், ஆனால் எடுத்துப் போனவர் திரும்பி வந்து தன் வகுப்பில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எப்படி நடத்தினீர்கள் என்று அவர் கேட்க மாட்டார். "பிள்ளைங்க என்ன செஞ்சாங்க?" என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். எங்களுக்கெல்லாம் பேச ஆள் கிடைத்தால் போதும். ஒரு முறை மூத்த தலைமையாசிரியர் ஒருவர், "என்னோட முப்பத்தஞ்சி வருஷ அனுபவத்துல..." என்று தொடங்கினார். பத்து நிமிடம் ஓடியது. அந்துவான் சார் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார். "ஐயா, முப்பத்தஞ்சி வருஷம் இருக்கட்டும். ஒரே ஒரு நாளைச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெரியவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அவரோ ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்றைக்குப் பள்ளிக்கு மூன்றே பிள்ளைகள்தான் வந்தார்களாம். வேறு வேலை இல்லாததால் ஒரு பிள்ளையின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாராம். "நாலு மாசமா அந்தப் பொண்ணுக்கு கரும்பலகையே தெரியலன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது" என்றார். அந்த மாடியில் நான் கேட்ட பேச்சுகளிலேயே நல்ல பேச்சு அதுதான்.

அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். தாமதமாக வருகிறவர்களை அவர் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும். பாட்டு வராது, ஆனாலும் பாடுவார். கூட்டல் கழித்தலில் எப்போதும் தடுமாற்றம். படிவம் எது வந்தாலும் மதிப்பெண் கூட்ட என்னிடம்தான் அனுப்புவார். "கணக்கு எனக்கு வராது டீச்சர், கணக்கு டீச்சர்தான் வருவாங்க" என்று சிரிப்பார். அவர் குடும்பம் சொல்தா குடும்பம், அதாவது சிப்பாய்க் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். அண்ணன், தம்பி, அக்கா எல்லாரும் பிரான்ஸில் இருக்கிறார்கள். இவர் மட்டும் போகவில்லை. காரணம் கேட்டால், "அங்க போனா எனக்கு யாரு வகுப்பு குடுப்பாங்க?" என்பார். அவர்கள் அனுப்பும் சாக்லேட் பெட்டி நேராக வட்டத்துக்கு வந்துவிடும். ஆளுக்கு ஒன்று என்று அவரே கையில் வைப்பார். இரண்டாவது எடுக்கப் போனால் "மெர்சி" என்று பெட்டியை மூடிவிடுவார். நன்றி என்ற சொல்லை மூடியாகப் பயன்படுத்திய ஒரே மனிதர் அவர்தான்.

இப்போது அந்தப் பாடத்துக்கு வருகிறேன். அவர் பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது உருவாக்கியது. பள்ளி வாசலில் இருந்து தன் வீடு வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வழிப்படம் வரைய வேண்டும். தெருப் பெயர் எழுதக் கூடாது. அடையாளங்களும், எத்தனை தப்படி என்பதும் மட்டும்தான். பிறகு படங்களை மாற்றிக்கொள்வார்கள். மாலையில் இரண்டிரண்டு பேராக இன்னொருவரின் படத்தைப் பார்த்தே நடந்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைத் திருவிழாவாக்கிவிட்டார்கள். ஒரு பெண் தன் படத்தில் ஒரு படகை அடையாளமாகப் போட்டிருந்தாள். மாலையில் தேடிப் போனால் படகைக் காணோம். அது கடலுக்குப் போய்விட்டது. "அடையாளம்னா நகரக் கூடாது சார்னு அதுங்களே கண்டுபுடிச்சிச்சிங்க டீச்சர்!" என்று அவர் சொல்லும்போது கண்ணெல்லாம் சிரிப்பு. வட்டத்தில் எங்களையும் வரைய வைத்தார். என் கையில் கிடைத்தது ஒரு தமிழாசிரியரின் படம். அதை நம்பி உச்சி வெயிலில் நடந்து விமான நிலையத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றேன்.

நான் அதை எடுத்துப் போனேன். அப்போது நான் நகரத்துக்குள் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். மூடிப்போன ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பேத்திகள், கடையில் நிற்பவர்களின் பிள்ளைகள், வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள். ஆறாம் வகுப்பு. எல்லாரும் வரைந்தார்கள். ஒரு பெண்ணின் படம் மிகவும் நன்றாக இருந்தது. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். நீலக் கதவு, கதவின் மேல் காகிதப்பூக் கொடி, வாசலில் இரண்டு படி, எல்லாம் அளவோடு இருந்தன. நானே அதைத் தூக்கிக் காட்டி வகுப்பில் பாராட்டினேன். மாலையில் அந்தப் படத்தோடு இரண்டு பெண்கள் போய் அழைப்பு மணியை அடித்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். அது அவள் வீடு இல்லை. அவள் அம்மா வேலை செய்கிற வீடு.

பள்ளி விட்டதும் அவள் அங்கேதான் போவாள், அங்கேதான் பின்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், அம்மா வேலை முடித்ததும் இருவரும் ஆலைச் சுவரை ஒட்டிய தங்கள் கொட்டகைக்குப் போவார்கள். அந்தக் கொட்டகைக்கு வகுப்புப் பிள்ளைகள் வந்து நிற்பதை அவள் விரும்பவில்லை. அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் அந்த இரண்டு பெண்களும், "உங்க வீட்டு ஆன்ட்டி எங்கள வெரட்டிட்டாங்கடி, நீ வேலக்காரப் பொண்ணாமே" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய கணக்கை எழுதத் தொடங்கினேன். இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "பொண்ணு என்னமோ அந்த வூடே எங்களுதுன்னு சொல்லியிருக்குதுன்னு அவுங்க என்ன நிறுத்திட்டாங்க டீச்சர். ஒரு படம் போடறதுக்கா இதெல்லாம்?" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் சொல்லி அவருக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்தேன். அதோடு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் அந்த வருடம் முடியும்வரை என் வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வட்டத்துக்குப் போனேன். அன்றைக்குப் புதிதாக ஏழெட்டு இளம் டீச்சர்கள் வந்திருந்தார்கள். அவர்களிடம் என்னைக் காட்டி, இருபத்தெட்டு வருடம் கணக்கு நடத்திய டீச்சர் என்று யாரோ அறிமுகப்படுத்தினார்கள். அவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. "பிள்ளைங்க என்ன செஞ்சாங்க டீச்சர்?" என்று அந்துவான் சார் கேட்டார். "ரொம்ப நல்லா செஞ்சாங்க சார். எல்லாரும் வீட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரு பொண்ணு போட்ட படம் இருக்கே, அப்படியே அச்சில வார்த்த மாதிரி" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டவுன்லயும் ஆவுது பாருங்க! எனக்கு அதுதான் சந்தேகமா இருந்துது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒன்பது வருடமாக மறக்கவில்லை. அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. நான் நடந்ததைச் சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் தன் வேலையைச் செய்திருக்கும். கடற்கரைக் குப்பத்தில் யார் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும், மறைக்க ஒன்றும் இல்லை. நகரத்தில் அப்படி இல்லை என்று அவர் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பார். நான் அதைக் கெடுத்தேன்.

மறு வருடம் அவருக்கு, நகரத்தை ஒட்டிய அரியாங்குப்பம் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே போய் அதே பாடத்தை நடத்தினார். வரவில்லை. வட்டத்தில் எழுந்து நின்று ஒளிக்காமல் சொன்னார்: "வசந்தா டீச்சருக்கு வந்தது எனக்கு வரல. பாதிப் பிள்ளைங்க படமே போடல. தப்பு எங்கிட்டதான் இருக்கு." அன்று சாயங்காலம் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிட்டவர், நான் எந்தத் தாளில் வரையச் சொன்னேன், எத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்று விடாமல் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "கட்டம் போட்ட தாள்ல குடுங்க சார்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த வருடம் கட்டம் போட்ட தாளில் செய்தார். அதற்கடுத்த வருடம் முதலில் பள்ளிக்குள்ளேயே பழக்கிவிட்டுச் செய்தார். ஓய்வு பெறும்வரை நாலு வருடம் அந்தப் பாடத்தோடு போராடினார். ஓய்வுக்குப் பிறகு வட்டத்துக்குப் புதிதாக வருகிற டவுன் டீச்சர்களிடம் அதைக் கொடுத்து, "வசந்தா டீச்சர் செஞ்சி காட்டியிருக்காங்க, அவங்ககிட்ட கேளுங்க" என்று அனுப்பிவைப்பார். நான் கட்டம் போட்ட தாளைச் சொல்லி அனுப்புவேன்.

கடைசிச் சில மாதங்களாக அவருக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறச் சிரமப்பட்டார், ஆனாலும் வந்தார். அப்படி ஒரு நாள் போனில் கூப்பிட்டு, கலைவாணி தன் பள்ளியில் அந்தப் பாடத்தை எடுக்கப்போகிறாள், நான் கூட நின்று பார்க்க வேண்டும் என்றார். கலைவாணியின் பள்ளி எனக்குத் தெரியும். அந்த ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசை முடித்து வந்திருப்பார் என்று தெரிந்து வீட்டுக்குப் போனேன்.

தெரேஸ் அக்கா கடைக்குப் போயிருந்தார். அவர் மட்டும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். நீலக் கதவைச் சொன்னேன், அந்த அம்மா வாசலில் வந்து நின்றதைச் சொன்னேன், கட்டம் போட்ட தாள் நான் அங்கேயே கட்டிவிட்ட கதை என்பதையும் சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார்.

"எதுவுமே வரலியா?" என்று கேட்டார்.

"வரல சார்."

"எல்லாரும் வீட்டைக் கண்டுபுடிச்சாங்கன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "அரியாங்குப்பத்துல ஒரு பொண்ணு பேப்பரைக் கசக்கி வாயில போட்டு மென்னுட்டுது டீச்சர். எனக்கு ஏன்னே தெரியல. பென்சில் சரியில்லன்னு அழுவுதுன்னு நெனச்சி புதுப் பென்சில் வாங்கிக் குடுத்தேன்! புதுப் பென்சில்!" என்றார். "அந்தப் பொண்ணுக்கு வூட்டக் காட்டப் பிடிக்கல. அவ்ளோதானே? அது எனக்குத் தெரிஞ்சிருக்கும் டீச்சர். நீங்க சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு வருஷம் நாலு வகுப்புப் பிள்ளைங்கள நான் இன்னா பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "எங்கிட்ட எதுக்கு?" என்றார். கிளம்பலாமா என்று நான் வாசல் பக்கம் திரும்பியபோது, "உக்காருங்க. அந்தப் பொண்ணு மறுநாள் எங்க உக்காந்துது? அதே பெஞ்சிலியா?" என்று கேட்டார். முழுக் கோபத்திலும் அவர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். கடைசி பெஞ்சில் என்றேன். அவள் யாரோடு சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதி வந்தாளா, அந்த இரண்டு பெண்களும் பிறகு அவளோடு பேசினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசல்வரை வந்தவர், "கலைவாணிகிட்ட இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. மத்ததை சனிக்கிழமை வட்டத்துல எல்லாருக்கும் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கலைவாணியிடம், இந்த மாதம் வேண்டாம், வெயில் அதிகம் என்றேன். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு வந்த கையோடு இன்னொன்று. சனிக்கிழமை காலை புடவை கட்டி, பையை எடுத்து, ஸ்கூட்டியை வெளியே தள்ளினேன். தெருமுனை வரை போனேன். அங்கிருந்து திரும்பிவந்து, தலைவலி என்று வட்டத்துக்குச் செய்தி அனுப்பினேன். அவர் அன்றைக்கு வந்திருந்தாராம். சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தாராம். "வசந்தா டீச்சர் வரலியா?" என்று ஒரு முறை கேட்டாராம், பதிலைக் கேட்டுவிட்டு வேறு பேசவில்லையாம். எனக்கு அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஐந்தாம் நாள்தான் அந்த வியாழக்கிழமை.

அடக்கத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். மீன் ஐஸ் பெட்டியைக் கழுவிப் போட்டுவிட்டு நேராக வந்த பெண்கள், அவரிடம் படித்தவர்கள், கூடத்தில் இடமில்லாமல் தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். தெரேஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல ஏதோ கோவம்னாரும்மா. என்னான்னு கேட்டேன். அது அவங்க சொல்ல வேண்டியதுன்னுட்டாரு" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் உடனே என்னைத் தேற்றத் தொடங்கினார்கள். அந்துவான் சார் யார்மேலும் கோபம் வைத்துக்கொள்ள மாட்டார், எல்லாம் மறந்திருப்பார், அவர் மனசு அப்படி என்றார்கள். நான் தலையாட்டினேன்.

போன இரண்டாம் சனிக்கிழமை அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அவர் படத்துக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, இரண்டு நிமிடம் நின்றோம். ஆளுக்கு ஆள் எழுந்து அவர் எவ்வளவு பொறுமையானவர், எவ்வளவு பெரியவர் என்று பேசினார்கள். என் முறை வந்தது. நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் என் ஆறாம் வகுப்பில் நடந்ததை, வரைந்த நாளிலிருந்து அந்த அம்மா வந்து நின்ற நாள் வரை, அதன் பிறகு இதே மாடியில் நான் சொன்னதையும் சேர்த்து, வரிசையாகச் சொன்னேன். கலைவாணியைப் பார்த்து, வெயில் காரணமில்லை என்றேன். குரல் உடைந்தது. உடையாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனதெல்லாம் பலிக்கவில்லை.

பிறகு மூலையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்தார். "நானும் எடுத்தேன் டீச்சர், நாலு வருஷம் முன்ன. கட்டம் போட்ட தாள்ல. ஒரு பொண்ணு ஒரு வாரம் ஸ்கூலுக்கே வரல. உங்களுக்கு வந்துது, எனக்கு வரலன்னு சொல்ல வெக்கமா இருந்துது. நல்லா போச்சின்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் உட்காருவதற்குள் இன்னொருவர் எழுந்தார். அவரும் நல்லா போச்சு என்று சொன்னவர். அவருக்குப் பிறகு இன்னும் ஒருவர். மூன்று வகுப்புகள். என்னுடையதோடு நான்கு. அந்துவான் சாரின் நாலு வருடத்தையும் சேர்த்தால் எட்டு. இதில் நடந்ததை நடந்தபடி சொன்னவர் அவர் ஒருவர்தான், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவரும் அவர்தான். இருபது வருடம், முப்பது வருடம் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். ஒருவருக்கொருவர் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் அந்த மாடி ஏறினோம். எனக்குக் கிடைத்த ஒரு கைதட்டலுக்காக இத்தனை பிள்ளைகள் வீட்டை மறைக்க வழி தெரியாமல் நின்றிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது ஒரு நண்பர் தோளைத் தட்டினார். "இப்பதான் சொல்லிட்டீங்களே டீச்சர், சார் ஆத்மா சாந்தியடைஞ்சிருக்கும், உங்கள மன்னிச்சிருப்பாரு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது வேண்டாம். அவர் என்னை மன்னிக்கவில்லை. அப்புறம் பேசுவோம் என்றார், பேசுவதற்கு ஒரு சனிக்கிழமையும் கொடுத்தார், நான்தான் போகவில்லை. அவர் புத்தகங்களை வட்டம் எடுத்துக்கொண்டது. அவர் சொன்னவற்றை எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு நினைவை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அவருடைய கோபத்தை வைத்துக்கொள்கிறேன். நான் சொன்னது எதையும் ஒன்பது வருடம் அவர் சந்தேகிக்கவே இல்லை. அதனால் வந்த கோபம் அது. என்னை அவ்வளவு நம்பிய மனிதர் இனி எனக்கு இல்லை.